எட்டுக் கண்ணாடிக்கு ஒரு குடம்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை மயில்சாமிக்குப் பேச்சு வராது. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். அந்த ஒன்றும் "சரிங்க மச்சான்" என்றுதான் இருக்கும். எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில். என் தங்கை வள்ளியாத்தாளை அவருக்குக் கட்டிக்கொடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில். பந்தலில் வைத்தே அவரைச் சீண்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க மாப்ள, உங்க ஊர்ல தண்ணிக்குத்தான் பஞ்சம்னாங்க. பேச்சுக்குமுங்களா?"

"ஆமாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படி வம்பு வளர்ப்பது?

எங்கள் ஊர் காவிரிக்கரையில், மோகனூருக்கு மேற்கே. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். அவருடைய ஊர் கல்லாங்காட்டுப்புதூர். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற பாதையில் உள்ளே தள்ளி இருந்தது. பன்னிரண்டு ஏக்கர் மேட்டுக்காடு, நல்ல மாடுகள், நல்ல மனிதர்கள். குறை என்றால் கிணறு ஒன்றுதான். அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பும் கசப்புமாக நாக்கைப் பிடிக்கும். மாடுகள் குடித்துப் பழகிவிட்டன. சோளம்கூட எப்படியோ விளைந்தது. ஆனால் பருப்பு வேகாது. காலையில் உலையில் போட்ட துவரம்பருப்பு உச்சிப்பொழுதுக்கும் கல்லாகவே கிடக்கும். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் காடு எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்னால், "உங்க கெணத்துத் தண்ணியில பருப்பு வேகுங்களா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் அப்பா அதைக் கேட்காமல் மாடுகளைப் பார்த்து மயங்கிவிட்டார்.

நல்ல தண்ணீர்க் கிணறு இரண்டு மைல் தள்ளி இருந்தது. காவிரியில் முங்கிக் குளித்து வளர்ந்த பெண், தினம் இரண்டு நடை, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்தாள். இரண்டு வருஷம் அவள் ஒரு புகாரும் சொல்லவில்லை. ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது கல்லுச் சரிவில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

செய்தி கேட்டு வண்டி கட்டிக்கொண்டு போனேன். தங்கை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கத்தியதற்கெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. அதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு விழுந்த கசப்பு என் மனசை விட்டுப் போகவே இல்லை.

முப்பத்தாறில் மறுபடியும் உண்டாகி எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. கந்தப்பன் என்று பெயர் வைத்தோம். மூன்றாம் மாதம் மாப்பிள்ளை கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் புதுச் சமுக்காளம் விரித்து, பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிப்போக வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"என்ற தங்கச்சி இனிமே கொடம் தூக்க மாட்டாளுங்க. உங்க ஊட்டு வாசல்ல நல்ல தண்ணி என்னைக்கு வருதோ, அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. ஒரு கொடம் வந்தாப் போதும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வள்ளியாத்தாள் குழந்தையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவளும் பேசவில்லை. மாப்பிள்ளை ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க மச்சான்" என்றார். வந்த வண்டி காலியாகவே திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாழிகை இருப்பார். தங்கை மோர் கொடுப்பாள், குடிப்பார், போய்விடுவார். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. இரண்டு வருஷம் இப்படியே போனால் பேசி உறவை அறுத்துவிட வேண்டியதுதான் என்று பங்காளிகள் சொன்னார்கள். நானும் அதற்குத் தலையாட்டினேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அந்த நாட்களில் மாப்பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலில் காட்டின் கீழ்மூலையில் புதுக் கிணறு வெட்டினார். நாற்பது அடியில் தண்ணீர் வந்தது. பழைய கிணற்றைவிட உப்பு. இன்னும் பன்னிரண்டு அடி இறக்கினார். அதைவிட உப்பு. வெட்டின ஆட்களே அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்களாம்.

பிறகு கடலைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டுப் பக்கத்துப் பலகாரக் கடையில் நின்றிருக்கிறார். கடைக்காரர் அப்போதுதான் எடுத்த வடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டி மூடினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி உள்பக்கம் வேர்த்து, துளித்துளியாக வழிந்தது. மாப்பிள்ளை சத்தமில்லாமல் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். எண்ணெய் இல்லை, காரம் இல்லை, உப்பும் இல்லை. வெறும் தண்ணீர். கடைக்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். என் மாப்பிள்ளை வாழ்க்கையிலேயே பேசின நீளமான பேச்சு அங்கேதான் நடந்திருக்கிறது. "கோவிச்சுக்காதீங்க. அந்த வடையெல்லாம் நானே வாங்கிக்கறனுங்க. இந்தக் கண்ணாடி எங்க விக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

தண்ணீரைக் காய்ச்சி ஆவி பிடிக்கலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் பானை மேல் பானை வைத்துச் சாராயம் இறக்காத காடு எது? ஆனால் ஒரு குடம் தண்ணீருக்குப் பகலெல்லாம் அடுப்பெரிக்க அந்த மேட்டுக்காட்டில் விறகு ஏது? காய்ந்த பருத்திமார்க் குச்சி சோறாக்கவே பற்றாது. கல்லாங்காட்டுப்புதூரில் அளவில்லாமல் கிடைத்தது வெயில் ஒன்றுதான். மாப்பிள்ளை அதையே நம்பினார்.

களத்துமேட்டில் மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் உள்ளங்கை ஆழத்துக்குத் தொட்டி கட்டினார். சுண்ணாம்புக் காரையில் அடுப்புக்கரியை அரைத்துக் கலந்து தொட்டி முழுக்கக் கறுப்பாகப் பூசினார். கறுப்பு சீக்கிரம் சுடும் என்பது வெறுங்காலோடு பாறையில் நடக்கிற எவனுக்கும் தெரியும். தொட்டியில் இரண்டு விரல் உப்புத் தண்ணீர். மேலே ஒரு பக்கம் உயர்த்தி, ஒரு பக்கம் தாழ்த்திக் கண்ணாடி. சந்தெல்லாம் பஞ்சும் களிமண்ணும் குழைத்து அடைத்தார். வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுட்டு, ஆவி எழுந்து, கண்ணாடியின் உள்முகத்தில் வேர்த்து, சரிவில் இறங்கி, கீழே படுக்க வைத்த மூங்கில் பிளாச்சில் வடிந்து செம்பில் சொட்டியது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் ஒன்றரைச் செம்பு.

ஒன்றரைச் செம்பு தண்ணீரைக் கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிட முடியுமா? நான் ஒரு குடம் என்றல்லவா சொல்லியிருந்தேன்! இன்னும் ஏழு தொட்டி கட்ட வேண்டும் என்று அவரே கணித்தார். கண்ணாடியைச் சேலத்திலிருந்து ஒவ்வொன்றாக, வைக்கோலுக்குள் வைத்து, மாட்டை நடக்க மட்டும் விட்டுக் கொண்டுவந்தார். பாதிக் கண்ணாடி வழியிலேயே உடைந்தது. ஆடு ஏறி மிதித்தது ஒன்று, ஆலங்கட்டி மழையில் போனது ஒன்று. கடைசியில் களத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு முள்வேலி போட்டு, யார் கிட்டே வந்தாலும் விரட்ட ஆரம்பித்தார். வேலை மும்முரத்தில் மூன்று அமாவாசை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தங்கைக்காகப் பிள்ளையைப் பற்றி நான் மாசா மாசம் அவருக்குக் கடுதாசி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் நாலு வரி எழுதிப் போட்டால் என்ன கேடு? எழுதத் தெரிந்தவர்தான். ஆனால் இன்னும் முடித்துக் காட்டாத காரியத்தைப் பற்றி வாயால் சொல்லவே மாட்டார், எழுத்திலா சொல்வார்?

அது முப்பத்தேழாம் வருஷக் கடைசி. அக்டோபர் முதல் தேதியிலிருந்து எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடியாயிற்று. எவன் எங்கே திருட்டுத்தனமாக இறக்குகிறான் என்பதுதான் சந்தையில் பேச்சு. தையில் மாட்டுத் தரகன் வீரன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தான்.

"உங்க மாப்ளயப் பாத்தனுங்க. களத்தச் சுத்தி வேலி போட்டுட்டு உள்ளார என்னமோ சொட்டுச் சொட்டா எறக்கறாருங்க. கிட்டப் போனா அடிக்க வாராரு" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் தங்கை இங்கே பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கிடக்கிறாள், இவன் அங்கே சாராயம் காய்ச்சுகிறானா! நேரே போய்ப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். எட்டு மணி நேர வண்டிப் பயணம், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, "கனம் இன்ஸ்பெக்டர் அவர்கள் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்து, ஊர், காடு, வேலி, எல்லா அடையாளமும் எழுதி, கீழே "ஒரு பொதுஜனம்" என்று முடித்துத் தபாலில் சேர்த்துவிட்டேன். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மொட்டைப் பெட்டிஷன் எழுதுகிறவனை அதுவரை நான் மனிதனாகவே மதித்ததில்லை.

இருபது நாள் கழித்து மாப்பிள்ளையின் பண்ணையாள் காளியப்பன் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றான்.

"போலீசு வந்து எல்லாத்தயும் லத்தியால நொறுக்கிப்போட்டாங்க சாமி. எட்டுக் கண்ணாடியும் போச்சு. அப்பறந்தான் இன்ஸ்பெக்டர் ஐயா கொடத்துல வெரல வெச்சு நக்கிப் பாத்தாரு. வெறுந் தண்ணின்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா வந்துட்டுச் சும்மா போக முடியுமா? கொடத்தயும் எங்க கவுண்டரயும் நாமக்கல்லுக்குக் கொண்டு போயிட்டாங்க."

"அது என்ன தண்ணி?" என்று கேட்டாள் வள்ளியாத்தாள்.

"உங்களுக்குத்தானுங்க அம்மிணி. அந்த உப்புத் தண்ணிய வெயில்ல வெச்சு நல்ல தண்ணியா வடிச்சாருங்க. அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒரு பகல்ல ஒரு கொடம் ரொம்புச்சு. அமாவாசைக்கு உங்களக் கூப்புட வரோணும்னு வண்டி அச்சுக்குக்கூட மை போட்டு வெச்சிருந்தாரு."

தங்கை குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, வண்டியப் பூட்டு."

"கண்ணாடியே போயிருச்சு. இப்பப் போயி என்ன பண்ணுவே?"

"தண்ணி வந்தாத்தான் அனுப்புவேன்னது நீ. நான் அப்படிச் சொல்லுல. வாயத் தொறக்காம நின்னேன் பாரு, அதுதான் நான் பண்ணுன தப்பு."

சொல்லிவிட்டு ஆசாரக் கூடத்துக்குள் போய்ச் சுவரிலிருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். முருகன், லட்சுமி, மாரியம்மன் என்று வரிசையாகச் சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடியை உருவினாள். "சாமி மேல தூசி அடையுமேடி" என்று அம்மா புலம்பினாள். "அடைஞ்சாத் தொடச்சுக்கலாம்" என்றாள். கடைசியாக, நான் சேலத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோவுக்கு வந்தாள். வீட்டிலேயே பெரிய கண்ணாடி அதுதான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் உருவிக்கொண்டாள். நல்லவேளை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டியை நான்தான் ஓட்டினேன். கண்ணாடிகளை மெத்தைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் ஒரு தடவை கேட்டாள்: "எவன் எழுதிப் போட்டிருப்பான்? அவன் கை வெளங்காமப் போக." நான் மாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

களத்துமேடு போர் நடந்த இடமாக இருந்தது. கறுப்புத் தொட்டிகளுக்குள் உடைந்த கண்ணாடி வெயிலில் கண்ணைக் கூசியது. தங்கை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சில்லுகளைப் பொறுக்க உட்கார்ந்தாள். மறுநாள் பகலில் மாப்பிள்ளை நாமக்கல்லிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அங்கே டாக்டர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் தண்ணீருக்கு இது குறைந்ததல்ல என்று எழுதிக்கொடுத்த பிறகு விட்டுவிட்டார்களாம். வேலிப் படலைத் திறந்தவர் தொட்டிகளுக்கு நடுவே அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வந்தாயா என்று கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.

"பாத்து, கண்ணாடி குத்தீரும்" என்றார். நான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

படக் கண்ணாடிகளை இரண்டு இரண்டாக ஒட்டி நாலு தொட்டியை மூடினார்கள். அரைக் குடம் கிடைத்தது. அந்தத் தண்ணீரில் தங்கை முதல் முதலாகப் பருப்பு வேகவைத்தாள். பருப்பு மலர்ந்து மலர்ந்து மேலே வந்ததைப் பார்த்து அடுப்படியிலேயே அழுதாள். ஆனால் குடிக்கும்போது முகத்தைச் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்குதுங்க, உங்களாட்டவே."

மாப்பிள்ளை எழுந்து போய், கிணற்றிலிருந்து ஒரு கை உப்புத் தண்ணீர் கொண்டுவந்து பானையில் விட்டுக் கலக்கினார். இப்போது குடி என்று ஜாடை காட்டினார். குடித்தாள், சிரித்தாள். அந்த ஒரு கை உப்புத் தண்ணீர் கடைசிவரை அந்த வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த ருசிக்கு இன்றைக்கும் என் நாக்கு ஏங்குகிறது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் இதைச் சொல்கிறேன்.

வருஷத்துக்குள் எட்டுக் கண்ணாடியும் சேர்ந்தன. வானம் மோடம் போட்டு வெயில் இல்லாத நாட்களில் மாப்பிள்ளை தானே காவடி கட்டிக்கொண்டு இரண்டு மைல் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஆம்பிளை தண்ணீர் சுமப்பதா என்று ஊர் சிரித்தது. "சரிங்க" என்றார். உலகச் சண்டைக் காலத்தில் பஸ் பாட்டரிக்கு ஊற்ற உப்பில்லாத தண்ணீர் கிடைக்காமல் திருச்செங்கோட்டுப் பஸ் முதலாளி ஒருவர் சீசாவோடு ஆள் அனுப்புவார். மாப்பிள்ளை ரொப்பிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

நான் மட்டும் அந்தப் பெட்டிஷனை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சாப்பிட்டு வந்தேன். நாலு வருஷம் தாங்கினேன். நாற்பத்திரண்டில் ஒரு சித்திரை மத்தியானம், தங்கை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். மாப்பிள்ளை தொட்டியிலிருந்து உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"மாப்ள, அந்தப் பெட்டிஷன்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க மச்சான்" என்றார், சுரண்டுவதை நிறுத்தாமல். "டேசன்ல காட்டுனாங்க. பையன் பல்லு மொளச்சான், தவந்தான்னு மாசா மாசம் நீங்கதான எனக்குக் கடுதாசி எழுதுவீங்க? அந்த எழுத்து எனக்குத் தெரியாதுங்களா? யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. தெரியலீங்கன்னுட்டேன்."

"வள்ளிகிட்டச் சொல்லிர்றேன் மாப்ள. என்னால முடியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு வருஷத்தில் அவர் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

"சொல்லாதீங்க. அவ ரோசக்காரி. தெரிஞ்சா உங்க ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டா. நீங்க சொல்லிப்போட்டு நிம்மதியா இருந்துக்குவீங்க. அவளுக்குப் பொறந்த ஊடு இல்லாமப் போயிருமுங்க."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்து நாலு வருஷம், ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து காவிரியில் குளித்தாள். "எங்கண்ணன் மாதிரி உண்டா" என்று ஊரெல்லாம் சொன்னாள். மாப்பிள்ளை இருந்தவரை அவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அவள் முதலில் உள்ளே போகட்டும் என்று வாசலில் நின்றுகொள்வார். போன வருஷம் அவளும் போய்விட்டாள். கடைசிவரை அவளுக்கு ஒரு பிறந்த வீடு இருந்தது. அதை நான் உடைத்தேன், அவர் காப்பாற்றிக் கொடுத்தார்.